மோதாமலே விழுந்தவள்

கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தைத் தொடாமலே பெயர் வாங்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று அடித்துச் சொல்லலாம். சாட்சிக்குக் கல்லூரி அணியின் பன்னிரண்டாம் எண் சட்டைக்காரி இருக்கிறாள். மூன்று வருடத்தில் அவள் போட்ட மொத்தப் பாயிண்ட் ஒன்பது. அதிலும் இரண்டு, யாரோ எறிந்த பந்து அவள் தலையில் பட்டுத் தெறித்து வளையத்துக்குள் போனதால் வந்தவை. அந்த நேரத்தில் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் கேட்டுத் திரும்பி, யார் போட்டது என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

அவளுக்கு ஓட்டம் வராது. குதித்தால், தரைக்கும் அவள் காலுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகலாம், அவ்வளவுதான். உயரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் நிற்பாள். நின்றாள் என்றால் அப்படி ஒரு நிற்பு. அதனால்தான் அணியில் அவளுக்குத் தூண் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தபோது கேலியாகத்தான் வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அணிக்குள் அவள் வந்த கதையே ஒரு கூத்து. முதல் வருடம், உடற்பயிற்சி வகுப்புக்குப் போனதாக ஒரு கையெழுத்து வாங்க மைதானத்துக்கு வந்தாள். அங்கே கோச் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பந்தைத் தட்டிக்கொண்டே அவற்றைச் சுற்றி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நாலாவது நாற்காலிக்குக் கால் முறிந்துபோயிருந்தது. கையில் பதிவேட்டோடு சும்மா நின்றவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் போய் நிற்கச் சொன்னார். அவளும் போய் நின்றாள். கேப்டன் முழு வேகத்தில் வந்தாள். நாற்காலிக்கு வளைகிற மாதிரியே வளைந்தாள். நாற்காலியைவிட இவள் கொஞ்சம் அகலம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. மோதிய வேகத்தில் இரண்டு பேரும் விழுந்தார்கள். கேப்டனுக்கு உதடு கிழிந்தது. இவள் எழுந்து உட்கார்ந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, கையெழுத்து கிடைக்குமா என்று கேட்டாள்.

கோச் கையெழுத்துப் போடவில்லை. மறுநாளும் வரச் சொன்னார்.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். எதிரணிக்காரி பந்தோடு பாய்ந்து வருகிறாள் என்று வையுங்கள். அவள் வழியில் முன்கூட்டியே போய், அவளைப் பார்த்தபடி இரண்டு காலையும் ஊன்றி ஒருத்தி நின்றுவிட்டால், அந்த இடம் நின்றவளுக்குச் சொந்தம். வந்தவள் அவள் நெஞ்சில் மோதினால் ஃபவுல் வந்தவள் மேல். பந்து நின்றவளின் அணிக்குப் போய்விடும். இப்படியும் அப்படியுமாக ஐந்து ஃபவுல் சேர்ந்தால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரியாக இருந்தாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அறுபது கிலோ உடம்பு ஒன்று முகத்துக்கு நேரே பறந்து வரும்போது கண்ணை மூடாமல், கையைத் தூக்காமல், காலை நகர்த்தாமல் நிற்பதற்கு ஆள் கிடைக்க மாட்டார்கள். உடம்பு தன்னால் விலகிவிடும். அது உடம்பின் புத்தி. தூணின் உடம்புக்கு அந்தப் புத்தி இல்லை. கோச் அதைப் பெரிய பாக்கியமாக நினைத்தார்.

ஆகவே அவளுடைய வேலை மோதப்படுவது. எதிரணியில் யார் கை ஓங்குகிறதோ அவள் வழியில் போய் நிற்பாள், வாங்கிக்கொள்வாள், விழுவாள், எழுவாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கோச், "தூணு, எந்திரி" என்றால் போதும், அவள் யார் வழியில் நிற்கப் போகிறாள் என்று எதிரணியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

வீட்டில்தான் சங்கடம். அம்மா தையல்காரி. வாசல் அறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அளவெடுக்கிற கண். மகளின் தோளில் நீலம், இடுப்பில் பச்சை, முழங்கையில் மஞ்சள் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, இது என்ன கலர் என்று கேட்டாள். மகள் கல்லூரி மாடிப்படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். இரண்டாவது முறையும் மாடிப்படி. மூன்றாவது முறையும் மாடிப்படி. நாலாவது முறை அம்மா ஒரு கடிதம் எழுதி, பிரின்சிபாலை நேரில் பார்த்தே கொடுத்துவிட்டு வந்தாள். பெண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் படிக்கட்டை இப்படியா வழவழவென்று வைப்பது என்று அவள் கேட்ட கேள்வியில் ஆடிப்போன நிர்வாகம், மூன்று மாடிக்கும் படிப்படியாக ரப்பர் பட்டை ஒட்டியது. அந்தக் கல்லூரியில் இன்றுவரை படியில் யாரும் வழுக்கவில்லை. அதற்கு முன்னாலும் வழுக்கியதில்லை.

அப்பாவுக்கு விஷயம் தெரியும். அவர் பஸ் டிரைவர். ஒருநாள் ஷிஃப்ட் மாறுகிற இடைவெளியில், சீருடையோடு மைதானத்துப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்த நிமிஷத்தில் மகள் மல்லாந்து விழுந்தாள். பதறிப்போய் இரண்டடி வைத்தவர், நடுவர் கையை நீட்டி மோதியவளைக் காட்டியதும் அப்படியே நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. இருபத்தாறு வருஷமாகத் தலைகீழ்ப் பாடமாகப் படித்து வைத்திருக்கிற பாடம் அல்லவா இது. பிற்பாடு மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நின்ன வண்டி மேல வந்து மோதினா, மோதினவன் மேலதான் கேஸு. நீ பயப்படாம நில்லு. ஆனா ஒண்ணு. மோதாம விழுந்துடாத. அது வேற தொழில்."

அம்மாவிடம் சொல்லலாமா என்று மகள் கேட்டதற்கு, இப்போது வேண்டாம், மெஷினில் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். அந்த ஊசி மூன்று வருஷமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. மகள் பந்து விளையாடுகிறாள் என்ற அளவுக்குத்தான் அம்மாவுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து வரும்போதெல்லாம், இன்றைக்கு எத்தனை என்று அம்மா கேட்பாள். அப்பா முந்திக்கொண்டு நாலு என்பார், மூன்று என்பார். அம்மா அதைப் பந்துக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

கடைசி வருடம் முடியப் போகிறது. படிப்பில் தூண் எப்படி என்றால், தேர்வு அறையிலும் அசையாமல்தான் உட்கார்ந்திருப்பாள். படிப்பை வைத்து வேலை கிடைக்காது. இருந்த ஒரே வழி, துறைமுக அலுவலகம். அந்த அலுவலகத்துக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்துக்கு வருடாவருடம் அங்கிருந்து ஒரு மேடம் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். இரண்டு பேரை எடுத்துக்கொண்டு போவார். காலையில் சரக்குப் பிரிவில் ஃபைல், மாலையில் மைதானம், அறுபது வயது வரை நிரந்தர வேலை. இந்த வருடம் ஒரு இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்க் கல்லூரியின் ஆட்டக்காரி, ஆறடி உயரம், ஆட்டத்துக்கு முப்பது பாயிண்ட். அவளுக்கு ரயில் என்று பெயர். அவள் கிளம்பினால் தண்டவாளத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். மிச்சம் ஒரு இடம்.

கோச் பூசி மெழுகாமல் சொன்னார். காகிதத்தில் பார்த்தால் தூணிடம் ஒன்றுமே இல்லை, ஒன்பது பாயிண்டைக் காட்டி எந்த அலுவலகத்திலும் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. ஆனால் இறுதி ஆட்டத்தில் ரயிலை ஐந்து ஃபவுலில் வெளியே அனுப்பிவிட்டால் மேடம் கண்ணில் படாமல் போகாது. அதுதான் வழி, அது ஒன்றுதான் வழி. தூண் தலையாட்டினாள். மூன்று வருஷமாக விழுந்ததெல்லாம் அந்த ஒரு நாளுக்குத்தான் என்று அவளுக்குப் பட்டது.

வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா வெயிலைச் சொன்னார், கூட்டத்தைச் சொன்னார், உட்கார இடம் கிடைக்காது என்றார். ஒன்றும் எடுபடவில்லை. வேறு வழியில்லாமல், போகிற பஸ்ஸிலேயே உண்மையை உடைத்தார். ஓட்டுகிற மனுஷர் பயணியாக உட்கார்ந்து பேசும்போது குரல் ஏனோ உயர்ந்துவிடுகிறது. முன்னும் பின்னும் இருந்த நாலு சீட்டுக்காரர்களும் கூடைப்பந்துச் சட்டத்தைப் பாடமாகக் கற்றுக்கொண்டார்கள். அவர் சொல்லி முடித்த பிறகு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்த மாடிப்படி?"

அப்பா ஜன்னல் வழியாக, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிக்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அரங்கத்தில் அம்மாவை மேல் வரிசையில் உட்காரவைத்து, எது நடந்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டார். கீழே, கோட்டுக்கு மிக அருகில் மேடம் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, குட்டை முடி, மடியில் நோட்டு. பழைய ஆட்டக்காரி என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. முழங்காலில் பட்டை கட்டியிருந்தார்.

ஆட்டம் தொடங்கி ஏழாவது நிமிஷத்தில் முதல் மோதல். ரயில் இடது பக்கமாகப் பாய்ந்தாள். தூண் அங்கே ஏற்கெனவே இருந்தாள். தொம் என்று ஒரு சத்தம். நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் ஒரே மூச்சில் வெளியே போனது. விசில், ரயில் மேல் ஃபவுல். மேல் வரிசையில் அம்மா, அப்பாவின் கையைப் பிடித்தாள். இடைவேளைக்குள் இன்னும் இரண்டு. அம்மா பிடித்த பிடியில் அப்பாவின் விரல்கள் வெளுத்துப்போயின. மூன்றாவது கால்பகுதியில் நாலாவது ஃபவுல். ரயிலின் கோச் தலையில் கைவைத்துக்கொண்டு அவளைப் பெஞ்சுக்கு இழுத்தார். அவள் இல்லாத நேரத்தில் தூணின் அணி தட்டுத்தடுமாறி ஏறிவந்து ஒரு பாயிண்ட் முன்னால் போனது. மேடம் நோட்டில் ஏதோ எழுதினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தூண், அது தன் பெயர்தானா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். கையெழுத்து டாக்டர் கையெழுத்து போல இருந்தது.

கடைசி மூன்று நிமிஷத்துக்கு ரயில் திரும்ப வந்தாள். கோச் தூணையும் அனுப்பினார். இனி ஒன்று போதும். அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ரயிலுக்கும் தெரியும்.

நாற்பது வினாடி பாக்கி. அதே ஒரு பாயிண்ட் வித்தியாசம். பந்து ரயில் கையில். நடுக்கோட்டைத் தாண்டினாள், ஒருத்தியைக் கடந்தாள், இன்னொருத்தியைக் கடந்தாள். தூண் வளையத்துக்கு முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். மாசு மருவில்லாத நிற்பு. ரயில் வந்தாள், வந்தாள், வந்தே விட்டாள்.

நின்றாள்.

நாலு தடவை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு ஐந்தாவது தடவையாவது ஒரு மனுஷி கற்றுக்கொள்ள மாட்டாளா? தூணின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் ரயில் கிறீச்சென்று ஷூவைத் தேய்த்து நின்றுவிட்டாள். ஆனால் தூணின் உடம்பு அதற்குள் புறப்பட்டுவிட்டது. மூன்று வருஷப் பழக்கம். இந்த வேகம், இந்த நிழல், இந்த வியர்வை வாடை வந்தால் விழ வேண்டியது என்று அதற்குத் தெரியும், யாரையும் கேட்காது. கை இரண்டும் மேலே எழ, முதுகு தரையில் அறைய, தொம்மென்று விழுந்தாள். வழக்கமான முனகல்கூடச் சரியான நேரத்துக்கு வந்தது.

விசில். நடுவர் ரயிலின் முதுகுக்குப் பின்னால் இருந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரு பாய்ச்சலும் ஒரு விழுகையும்தான். கையை முஷ்டியாக்கி ரயிலைக் காட்டினார். ஐந்தாவது ஃபவுல்.

அரங்கமே எழுந்து கத்தியது. தூணின் அணிப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். ரயில், நான் தொடவே இல்லை என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபவுல் செய்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மேடம் நோட்டில் பேனாவை வைத்தார்.

தரையில் கிடந்த தூணுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நெஞ்சு வலிக்கவில்லை. உள்ளே போன மூச்சு உள்ளேயே பத்திரமாக இருந்தது. தான் வேற தொழிலுக்கு வந்துவிட்டோம் என்று புரிந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வாயை மூடிக்கொண்டு இன்னும் நாற்பது வினாடி கிடந்தால் போதும். கோப்பை, வேலை, அம்மாவுக்கு நிம்மதி, எல்லாம் வந்துவிடும். யாரிடமும் எதுவும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டது. பளபளக்கும் மரத் தரையில், செருப்போடு, கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்க, அம்மா வந்துகொண்டிருந்தாள். அவசரத்தில் டேப்பைக் கழற்றி வைக்க மறந்து கிளம்பியிருக்கிறாள். பின்னால் அப்பா, வெளுத்த விரல்களை உதறிக்கொண்டு ஓடி வந்தார். அம்மா நேராக ரயிலின் முன் போய் நின்றாள். அவள் தலை ரயிலின் முழங்கை உயரம்தான் இருந்தது.

"நாலு தடவை பொறுத்துட்டேன்மா நான். ஏதோ சட்டமாம், விளையாட்டாம், சரின்னு உக்காந்திருந்தேன். உனக்குக் கண்ணு எங்க இருக்கு? இவ்வளவு பெரிய இடம் கிடக்குதே, கொஞ்சம் சுத்திப் போனா குறைஞ்சா போயிடுவ? உன்னைப் பெத்தவங்க இப்படித்தான் வளர்த்தாங்களா?"

ரயில் ஆறடி உடம்பைக் குறுக்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாங்குகிற திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் நேராகத் தரையில் சொட்டியது. விளையாட்டில் நாலு மோதலுக்கும் திட்டு வாங்காதவள், மோதாத ஒன்றுக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமலே கீழே இறக்கினார். பார்வையாளர் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று புத்தகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட அம்மா வந்தால் என்ன செய்வது என்று இல்லை.

தூண் எழுந்து உட்கார்ந்தாள். நடுவரையும் கோச்சையும் மேடத்தையும் அவளால் ஏமாற்றியிருக்க முடியும், அது வேறு. அம்மாவின் கோபம் தப்பான ஆள் மேல் கொட்டிக்கொண்டிருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. மூன்று வருஷமாக மாடிப்படி வாங்கிய திட்டு போதும் என்று தோன்றியது.

"அம்மா, அவ மோதலம்மா. நானாத்தான் விழுந்தேன்."

அம்மா திரும்பினாள்.

"எதுக்கு?"

மூன்று வருஷ விளையாட்டு வாழ்க்கையில் தூணிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கோச் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்பா மட்டும், மகளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

இரண்டு நடுவர்களும் மேசைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்தபோது ரயில் மேலிருந்த ஃபவுல் ரத்தாகியிருந்தது. மோதாமல் விழுந்து நடித்ததற்காகத் தூண் மேல் ஒரு ஃபவுல் விழுந்தது. நடிக்கவில்லை, தன்னால் விழுந்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அதைக் கேட்டு யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டாள். கோச் அவளை வெளியே இழுத்து உட்காரவைத்தார். தூணின் ஃபவுலுக்கான ஒற்றைத் தண்டனை எறிதலை ரயில் போட்டாள். சமம். பந்தும் அவர்களுக்கே. ரயில் மறுபடி பாய்ந்தாள், வழியில் ஒருத்தரும் நிற்கவில்லை. இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் ஆட்டம் போனது.

அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். அணிப் பெண்கள் தூணின் பக்கம் பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு போனார்கள். கோச் மட்டும் பக்கத்தில் வந்து நின்றார். மூன்று வருஷத்தில் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவள், பேசுவதற்கு இந்த நாள்தானா கிடைத்தது என்று கேட்டார். பிறகு அவராகவே, சரி விடு என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். தூணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போயிற்று. அதைவிட, தன் உடம்பையே இனி நம்ப முடியாது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நிற்பது ஒன்றுதான் தெரியும் என்று இருந்தாள். அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

எதிர்ப்பக்கம் மேடம் ரயிலிடம் ஏதோ படிவத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரயில் படிவத்தை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மேடம் தூணைக் கையசைத்துக் கூப்பிட்டார். அப்பாவும் அம்மாவும் கூடவே வந்தார்கள். கூப்பிடாமலே வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக யாரையும் எடுக்க முடியாது, நேர்மைக்கென்று சரக்குப் பிரிவில் தனி இடம் எதுவும் இல்லை என்றார். ஒன்பது பாயிண்ட் என்று நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்தாலே தனக்குச் சிரிப்பு வருகிறது என்றார். பிறகு ரயிலைக் காட்டி, இந்தப் பெண் ஒன்று சொல்கிறாள் என்றார்.

ரயில் எரிச்சலோடுதான் பேசினாள். நன்றி, நட்பு என்று எதையும் முகத்தில் காட்டவில்லை.

"மேடம், கடைசி ஒண்ணுதான் பொய். மத்த நாலும் நிஜம். மூணு வருஷமா எந்தப் பக்கம் போனாலும் இவ அங்க இருக்கா. என் விலாவப் பாத்தா உங்களுக்கே தெரியும். அடுத்த வருஷம் இவளை வேற யாராவது எடுத்துட்டா நான் மறுபடி போய் மோதணும். நம்ம பக்கமே இருந்துடட்டும் மேடம்."

தூணைப் பற்றி இவ்வளவு நீளமாக இதுவரை யாரும் பேசியதில்லை. அவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேடத்தின் முழங்கால் பட்டையைப் பார்த்தாள்.

மேடம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, இப்போதே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். ரயில் நடுக்கோட்டிலிருந்து வர வேண்டும், மோதினாலும் மோதலாம், நின்றாலும் நிற்கலாம், அது அவள் இஷ்டம். தூண் நின்றால் போதும். இடித்தால் விழலாம், இடிக்காவிட்டால் விழக் கூடாது. ஒரே ஒரு தடவை.

தூண் வளையத்துக்கு முன்னால் போய் நின்றாள். காலி அரங்கத்தில் பந்துச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நாற்காலி மடக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரயில் வேகமெடுத்தாள். நிழல் வந்தது, வியர்வை வாடை வந்தது. போ என்று முதுகு சொன்னது. இரு என்று தூண் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னாள். ஒரு சாண் தூரத்தில் ரயிலின் ஷூ கிறீச்சிட்டது. தூணின் குதிகால் தரையை விட்டு எழும்பி, எழும்பிய இடத்திலேயே மறுபடி இறங்கியது. அவள் நின்றாள். நிற்பது போல் ஒரு நொடி பாவனை காட்டிய ரயில், மறுநொடியே முழு உடம்பையும் கொண்டுவந்து சாத்தினாள்.

தொம். இந்தத் தடவை மூச்சு மொத்தமும் போனது. முதுகு தேய்ந்துகொண்டே போய் வளையக் கம்பத்தின் அடியில் நின்றது. விலா எலும்பு ஒவ்வொன்றாக வலித்தது. தூண் தரையில் கிடந்தபடியே சிரித்தாள், சிரிக்க மூச்சு இல்லாததால் சத்தம் வரவில்லை. அப்பா தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேடம் நோட்டில் ஒரு வரி எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்தார். நன்றாகத்தான் இருந்தது, இதே மாதிரி இடது பக்கம் ஒரு தடவை வந்தால் முழுத் திருப்தியாக இருக்கும் என்று ரயிலைப் பார்த்தார். ரயில் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினாள். தூண் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

அம்மா முன்னால் வந்தாள். இந்தத் தடவை செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள். ரயிலிடம் போகவில்லை, மகளிடமும் போகவில்லை. மேடத்தின் முன் நின்று, குரலை உயர்த்தாமல், வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே நிதானத்தில் பேசினாள்.

"சாம்பிள் ஒண்ணுதாங்க காட்டுவோம். அதைப் பாத்துட்டீங்க. இனிமே எம் பொண்ணு மேல யாராவது வந்து மோதணும்னா, ஆர்டரைக் கையில குடுங்க. சம்பளத்துக்கு நின்னு வாங்கிக்குவா. எத்தனை தடவை வேணும்னாலும் வாங்கிக்குவா."

மேடம் ரயிலிடம் பந்தைக் கீழே வைக்கச் சொன்னார். பையைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்து, எழுத வசதியாக முழங்கால் பட்டையின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, பெண்ணின் முழுப் பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டார்.